ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பே வரவில்லை, முதலில் எதை மாற்றுவது?

பற்று_வரவு:
அக்கவுன்ட்ஸ் பேயபிள் (வெண்டர், அதாவது சப்ளையர்களுக்கு நிறுவனம் தர வேண்டிய பணத்தின் கணக்கு) வேலையில் ஆறு வருட அனுபவம். ரெஸ்யூமே இரண்டு பக்கம், ஆன்லைன் டெம்ப்ளேட்டில் செய்தது. இடது பக்கம் நீலப் பட்டையில் போட்டோ, போன் நம்பர், திறமைகள் (எக்செல் 90%, எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருள் 80% என்று பட்டை பட்டையாக). வலது பக்கம் அனுபவம். உச்சியில் ‘ஆப்ஜெக்டிவ்’ (எப்படிப்பட்ட வேலை வேண்டும் என்று சொல்லும் வரி). எல்லா இடத்துக்கும் இதே ஃபைல்தான் போகிறது. அனுபவப் பகுதியில் முக்கியமான வரி இது:

“இன்வாய்ஸ் பிராசஸிங், வெண்டர் பேமென்ட், மாத இறுதிக் கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு.”

முதலில் எதில் கை வைக்க வேண்டும்? நடுவில் எட்டு மாத இடைவெளி இருக்கிறது, வருடத்தை மட்டும் போட்டுச் சமாளிக்கலாமா?

நோட்பேட்_நண்பன்:
எழுத்துக்கு முன்னாடி ஃபைலைப் பாருங்க. பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, காப்பி பண்ணி, நோட்பேடில் ஒட்டுங்க. ஏடிஎஸ் (கம்பெனிகள் விண்ணப்பங்களைச் சேமிச்சுத் தேடப் பயன்படுத்தும்) மென்பொருளுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதுதான். இடது, வலதுன்னு ரெண்டு பத்தியாப் பிரிச்ச டெம்ப்ளேட்டில் இடது வரியும் வலது வரியும் கலந்து “எக்செல் சீனியர் அக்கவுன்ட்ஸ் எஸ்ஏபி எக்ஸிக்யூட்டிவ்” என்று வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பதவிப் பெயரே இப்படி உடைஞ்சா, ரெக்ரூட்டர் அந்தப் பெயரைத் தட்டித் தேடும்போது நீங்க கண்ணில் படவே மாட்டீங்க. ஏடிஎஸ் தானாவே எல்லாரையும் கழிச்சுக் கட்டுதுன்னு சொல்றது பாதிக் கதை. விண்ணப்பப் படிவத்தில் “இத்தனை வருட அனுபவம் உண்டா?” மாதிரிக் கேள்விக்கு ‘இல்லை’ன்னு போட்டா தானா கழியும், மத்தபடி தேடலில் வராம அடியில் கிடக்கிறதுதான் ஆபத்து.

ஒட்டும்போது இன்னும் மூணு விஷயம் பாருங்க. ஒண்ணுமே ஒட்டலைன்னா உங்க பிடிஎஃப் வெறும் படம். போன் நம்பர் காணோம்னா அது வேர்டின் ஹெடரில் இருக்கலாம். சில மென்பொருள் ஹெடர், ஃபுட்டரைத் தொடாது. மூணாவது பலருக்குத் தெரியாது: ஆங்கில ரெஸ்யூமேயில் சில ஃபான்ட்கள் எஃப்பையும் ஐயையும், டியையும் ஐயையும் ஒரே உருவாச் சேர்த்துடும். அது சரியாப் பதிவாகலைன்னா ‘சர்ட்டிஃபைடு’, ‘ரீகன்சிலியேஷன்’ (கணக்கு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்) எல்லாம் நடுவில் ஓட்டையோட வரும். கண்ணுக்குப் பளிச்னு இருக்கும், தேடினா கிடைக்காது. ஃபான்ட்டை மாத்திட்டு மறுபடி ஒட்டிப் பாருங்க.

வேர்டில் இடது, வலதுன்னு பிரிக்காம ஒரே பத்தி, டெக்ஸ்ட் பாக்ஸ் வேண்டாம், 10.5 அல்லது 11 பாயின்ட், ஓரம் முக்கால் அங்குலம். விளம்பரத்தில் கேட்டால் ஒழிய போட்டோ வேண்டாம். அந்த 90% பட்டையைத் தூக்கிடுங்க. எதில் தொண்ணூறுன்னு யாருக்கும் தெரியாது.

சிவப்பு_மை:
மேலே சொன்னது சரி. ஆனால் வடிவத்தைச் சீராக்கிவிட்டு அந்த ஒரு வரியை அப்படியே விட்டால் பயன் இல்லை. “பொறுப்பு” என்பது உங்களுக்குக் கொடுத்த வேலையைச் சொல்கிறது, நீங்கள் செய்ததைச் சொல்லவில்லை. அதே நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த வரி பொருந்தும். மூன்றாக உடையுங்கள்:

– மாதம் சுமார் 1,200 இன்வாய்ஸ்களை பர்ச்சேஸ் ஆர்டர், சரக்குப் பெற்ற ரசீது இரண்டோடும் ஒப்பிட்டு எஸ்ஏபியில் பதிந்தேன்.
– இன்வாய்ஸ் எண், தொகை, வெண்டர் மூன்றையும் வைத்து எக்செலில் ஒரு சோதனை அமைத்து, இரட்டைப் பணப்பட்டுவாடாவைப் பணம் போகும் முன்பே பிடித்தேன்.
– வெண்டர் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷனை மாதக் கடைசியிலிருந்து வாராந்தர வேலையாக மாற்றியதில், கணக்கு முடிப்பு 7 நாளிலிருந்து 4 நாளாகக் குறைந்தது.

எண்கள் மாதிரிக்குத்தான். உங்களுடையதைப் போடுங்கள், நேர்முகத்தில் “எப்படிக் கணக்கிட்டீர்கள்?” என்ற கேள்வி வந்தே தீரும். துல்லியமாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ போதும். வெண்டர் எண்ணிக்கை, எத்தனை கிளைகள், எத்தனை நாணயங்கள் என்பவையும் எண்தான். முன்னேற்றம் எதுவும் இல்லையென்றால் அளவை மட்டும் சொல்லுங்கள், பொய்ச் சதவீதம் வேண்டாம். வெண்டர் பெயரையும் ஒப்பந்தத் தொகையையும் எழுதக் கூடாது: பழைய நிறுவனத்தின் ரகசியத்தைக் கொட்டுகிறவர் நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘ஆப்ஜெக்டிவ்’ போகட்டும். அந்த இடத்தில் மூன்று வரிச் சுருக்கம்: பதவி, ஆண்டுகள், கையாண்ட அளவு, மென்பொருள். முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். இப்போதைய வேலைக்கு ஐந்தாறு வரி, பழையதற்கு இரண்டு. ஆறு வருடத்துக்கு ஒரு பக்கமே போதும்.

பற்று_வரவு:
நன்றி. விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகளை வெள்ளை எழுத்தில் கீழே போட்டு வைக்கலாம் என்கிறார்களே? இடைவெளி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

நோட்பேட்_நண்பன்:
வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். நோட்பேடில் ஒட்டினா வெள்ளையும் கறுப்பும் ஒண்ணுதான், ரெக்ரூட்டர் திரையிலும் அப்படியே வந்து பல்லிளிக்கும். அதுக்குப் பதிலா விளம்பரத்தில் ரெண்டு மூணு தடவை வர்ற சொற்களை அடிக்கோடிடுங்க. நீங்க நிஜமாவே செஞ்சதை மட்டும் அவங்க சொல்லிலேயே உங்க வரிக்குள் வையுங்க. சுருக்கப் பெயர், முழுப் பெயர் ரெண்டும் ஒரு தடவையாவது வரட்டும். எதைத் தட்டித் தேடுவாங்கன்னு நமக்குத் தெரியாது.

காலக்கோடு:
ஒரு பக்கம்தான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று நிறுவனங்கள், இரண்டு மென்பொருள் மாற்றங்கள் இருந்தால் ஒன்றரைப் பக்கம் போகலாம். எழுத்தை 9 பாயின்ட்டுக்குச் சுருக்கி அடைப்பதுதான் தவறு.

இடைவெளிக்கு: வருடம் மட்டும் போட்டால் அனுபவமுள்ள ரெக்ரூட்டருக்கு அதுவே சந்தேகம். ஆன்லைன் படிவம் மாதத்தையும் கேட்கும், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்றால் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கும். எல்லா வேலைக்கும் மாதம், வருடம் போட்டு, இடைவெளிக்கு ஒரே வரி: “குடும்பப் பொறுப்பு, 8 மாதம்” அல்லது படித்த கோர்ஸின் பெயர். எது உண்மையோ அது. விளக்கம் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸையும் திறந்து பாருங்கள். டெம்ப்ளேட் கொடுத்தவரின் பெயரோ பழைய தலைப்போ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிடிஎஃப்பைத் திறந்தால் சில சமயம் ஜன்னல் பட்டையிலேயே தெரியும். ஃபைலின் பெயர் ‘ஃபைனல்_நியூ_2’ என்றில்லாமல் உங்கள் பெயரும் பதவியுமாக இருக்கட்டும்.