மறுமொழி: ‘பெண்டிங் ரிவ்யூ’வுக்குத் தமிழில் ‘முன்வாசிப்பு’ சரிவருமா?

வகுப்பு வலைப்பதிவுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தொகுக்கும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் தன் வகுப்புக்காகத் தொடங்கும் பிளாக்கை ‘வகுப்பு வலைப்பதிவு’ என்றே சொல்லலாம் என்று முடிவானதில் எனக்கு முழுச் சம்மதம். குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, பிளாக்குக்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘வலைப்பூ’ மேல் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் பதிவு என்றால் பதிவர், பதிவிடு என்று அடுத்தடுத்த சொற்கள் தானாக வருகின்றன. பூவுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பக்கம் ‘பதிவா வருவான்’ என்றால் தவறாமல் வருவான் என்று பொருள். வாரம் தவறாமல் எழுத வேண்டிய ஒன்றுக்கு அதுவும் பொருந்துகிறது.

இழுபறி அடுத்த சொல்லில்தான். மாணவர் எழுதி அனுப்புகிறார், ஆசிரியர் படித்துப் பார்த்து வெளியிடுகிறார். இடையில் அந்த இடுகை இருக்கும் நிலைக்கு, ஆங்கிலத்தில் ‘பெண்டிங் ரிவ்யூ’ என்பதற்கு, தமிழில் என்ன பெயர்? வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் தளத்தில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. மாணவர்களைப் பங்களிப்பாளர் என்ற பொறுப்பில் சேர்த்தால் அவர்கள் எழுதலாம், அனுப்பலாம்; தாங்களாக வெளியிட முடியாது. படம் ஏற்ற முடியாது, வெளியான இடுகையில் கைவைக்கவும் முடியாது. அதைப் போன்ற இன்னொரு தளமான பிளாகரில் நிர்வாகி, எழுதுபவர் என இரண்டே பொறுப்பு, எழுதுபவரே வெளியிட்டுவிடலாம். அதனால் அங்கே இந்தப் படியை ஆசிரியர்தான் உண்டாக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் இடுகை வரைவாகச் சேரும்படி அமைப்பில் மாற்றிவைத்தால் போதும். எந்தத் தளமானாலும் படி ஒன்றுதான், அதற்குச் சொல் வேண்டும்.

‘மீளாய்வு நிலுவை’ என்று ஒரு பரிந்துரை வந்தது. தாலுகா ஆபீஸ் மனுவுக்குச் சரி. நிலுவை என்றாலே கட்டாத பாக்கி என்றுதான் பிள்ளைகள் காதில் விழும். மேலும் ‘மீள்’ என்றால் மறுபடியும் என்றாகிறது. இங்கே ஆசிரியர்தான் முதல் வாசகர், அவருக்கு முன்னால் யாரும் ஆய்ந்திருக்கவில்லை.

‘திருத்தம்’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் புழங்கும் சொல். நோட்டு திருத்துகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். அதில் பிழை நீக்குவது மட்டுமில்லை, படித்து மதிப்பிடுவதும் அடங்கும். நல்ல சொல்தான். ஆனால் விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்று வரும் இடத்தில் வேறு பல செயலிகள் ‘திருத்து’ என்றே போட்டிருக்கின்றன. ஒரே திரையில் மேலே ‘திருத்து’, கீழே ‘திருத்தத்துக்கு அனுப்பு’ என்றிருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை எதை அழுத்தும்?

அதைவிடப் பெரிய தடை, இந்தப் படியில் ஆசிரியர் செய்யும் வேலை திருத்தமே இல்லை என்பது. கடற்கரை ஊர் மாணவி ஒருத்தி எழுதி அனுப்புகிறாள்: ‘ஆச்சி மரச்சீனி அவிச்சு, சாளைக் கறியும் வச்சுத் தந்தா.’ திருத்த உட்காரும் கை மரச்சீனியை மரவள்ளிக்கிழங்காக்கும், ‘தந்தா’வைத் ‘தந்தார்’ ஆக்கும். அந்த இடுகையின் உயிர் அங்கேயே போய்விடும். உண்மையில் மாற்ற வேண்டியது அதற்கு அடுத்த பத்தியில் இருக்கிறது. வீடு எந்தக் கோயிலுக்கு எத்தனையாவது வீடு, அப்பா எந்த நாட்களில் கடலுக்குப் போவார், வீட்டில் அப்போது யார் யார் இருப்பார்கள் என்று அத்தனையும் எழுதியிருக்கிறாள். கூடவே அடையாள அட்டை கழுத்தில் தொங்கச் சீருடையில் ஒரு படம். மரச்சீனியையும் சாளையையும் தொடாமல் விட்டு, வீட்டு அடையாளத்தையும் படத்தையும் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் இங்கே ஆசிரியர் வேலை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. ஆகவே வலைப்பதிவைத் தொடங்கும் முன்பே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. முழுப்பெயர் போடாமல் முதலெழுத்தோ புனைபெயரோ போதும்.

இதனால்தான் ‘முன்வாசிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊர் வாசிக்கும் முன் ஒருவர் வாசிப்பது. ‘முன்’ சேர்ந்தால் குழம்புமோ என்று தயங்க வேண்டாம். முன்பதிவு, முன்பணம், முன்னோட்டம் எல்லாம் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. வாசிப்பவர் முன்வாசகர். பொத்தானில் ‘முன்வாசிப்புக்கு அனுப்பு’, நிலையில் ‘முன்வாசிப்பில் உள்ளது’. செயல், ஆள், நிலை மூன்றுக்கும் ஒரே வேர் போதுமானதாக இருக்கிறது. ‘மெய்ப்பு’ இருக்கிறதே என்று கேட்கலாம். அது அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்ப்பது. அதை அச்சகத்துக்கே விட்டுவிடுவோம்.

இன்னொரு வசதியும் உண்டு. முன்வாசகர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரம் இரண்டு பிள்ளைகளை முன்வாசகர்களாக்கலாம். அவர்களுக்குத் தளத்தில் தனி உரிமை எதுவும் தர வேண்டாம், நோட்டில் எழுதியதை வாசித்துவிட்டு ‘இந்த இடம் விளங்கல’ என்று சொன்னாலே போதும். ‘இன்று நீதான் முன்வாசகர்’ என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மாடரேட்டருக்கு வழங்கும் ‘மட்டுறுத்துநர்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அந்த மகிழ்ச்சி வராது.

அதற்காக ‘மட்டுறுத்தல்’ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் இணையத்தில் அது நிலைபெற்ற சொல். வெளியாள் எழுதும் பின்னூட்டத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கும் வேலைக்கு அதுதான் பொருத்தம். வகுப்பு வலைப்பதிவில் பின்னூட்ட மட்டுறுத்தலை முதல் நாளே இயக்கிவிட வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நம் பிள்ளையின் எழுத்தும் யாரோ முகம் தெரியாதவரின் பின்னூட்டமும் ஒரே சொல்லுக்குக் கீழே வரக் கூடாது. ஒன்றை வளர்க்கப் படிக்கிறோம், மற்றதைத் தடுக்கப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ரிவ்யூ’வும் ‘மாடரேஷ’னும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்வாசித்தபின் மாணவரிடமே திரும்பிப் போகும் இடுகையை எப்படிக் குறிப்பது? ‘நிராகரிக்கப்பட்டது’ கட்டாயம் வேண்டாம். ‘திருப்பி அனுப்பப்பட்டது’ தபால் வாசனை அடிக்கிறது. ‘மீண்டும் எழுதுக’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், ஆனால் அது கட்டளையாக நிற்கிறது, நிலையைச் சொல்லவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வகுப்பில் வேறு பேச்சு வழக்கு ஏதும் இருந்தால் அங்குள்ள ஆசிரியர்கள் எழுதுங்கள். சொற்பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர், அகஸ்தீஸ்வரம் வட்டம்