பராமரிப்பு இல்லத்தில் கன்றிய காயம், படுக்கைப்புண், ஓயாத தூக்கம்: முதுமையா, கவனிப்பின்மையா?

கேள்வி: வானதி_மு

அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய், படுத்த படுக்கை. நர்ஸிங் வசதி உள்ள முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டு மேல்கைகளிலும் கன்றிப்போன தடம், வால் எலும்பு மேல் ஒரு சிவந்த திட்டு. 52 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 49. பகலிலும் கண் திறப்பதில்லை. கேட்டால் "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். எது முதுமை, எது கவனிப்பில் உள்ள குறை என்று எப்படிப் பிரித்தறிவது? புகார் சொன்னால் அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: செவிலி_கண்மணி

வானதி, "சகஜம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தச் சிவந்த திட்டிலிருந்து தொடங்குங்கள், அதற்குத்தான் அவசரம்.

விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கருநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல்தோல் உரிந்தால் இரண்டாம் நிலை, குழிவிழுந்து கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. முதல் நிலையில் பிடித்துவிட்டால் பாரத்தை விலக்கினாலே பெரும்பாலும் ஆறிவிடும். வால் எலும்போடு நிறுத்தாமல் குதிகால், இடுப்பெலும்பு, கணுக்கால், முழங்கை, பின்தலை, காது மடல் எல்லாவற்றையும் பாருங்கள்.

வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்த்து இந்த இடைவெளியை மாற்றலாம். முழுப் பக்கவாட்டாக வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. சாப்பாட்டு நேரம் தவிர தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் தூக்கிவைத்தால் உடம்பு கீழே சறுக்கி, தோல் இழுபட்டு, உள்ளுக்குள்ளேயே கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையும் வேண்டாம், சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் வேண்டாம். இரண்டுமே கெடுதல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாப் படுக்கைப்புண்ணும் கவனிப்பின்மை அல்ல; உயிர் பிரியும் தறுவாயில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும். ஆனால் ஊறிய டயபர், திருப்பிப் போட்டதற்குப் பதிவு இல்லை, புண் இருப்பதே உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று மூன்றும் சேர்ந்தால் அது கவனிப்பின்மைதான்.

அடுத்து கன்றல். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், அல்லது ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றும். முன்கையிலும் புறங்கையிலும் வருவது பெரும்பாலும் அந்த வகை. 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களில் சுமார் 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த இடங்களில் கன்றல் இருந்தால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். மணிக்கட்டையோ கணுக்காலையோ சுற்றி வளையமாக இருந்தால் கட்டிவைத்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு இருப்பதுபோல் இரண்டு மேல்கைகளிலும் இருந்தால், இறுக்கிப் பிடித்ததால் வந்திருக்கலாம். அது அடக்கிப் பிடித்ததாகவும் இருக்கலாம், தூக்கும் முறை தெரியாமல் கையைப் பிடித்து இழுத்ததாகவும் இருக்கலாம். எத்தனை பேர் தூக்குகிறார்கள், ஆளை இழுக்காமல் நகர்த்த உதவும் சறுக்கு விரிப்போ தூக்கும் கருவியோ உண்டா என்று கேளுங்கள். நிறத்தை வைத்து எத்தனை நாள் காயம் என்று கணிக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சளாகும் கன்றலும் உண்டு.

எடை: ஒரு மாதத்தில் 5 சதவீதமோ 6 மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய இழப்பு. 52-இல் 3 கிலோ என்பது 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டு வேளையில் போய் உட்கார்ந்து பாருங்கள். தட்டை வைத்துவிட்டுப் போய், 10 நிமிடத்தில் தொடாத தட்டையே எடுத்துப்போகிறார்களா? பல்செட் மாட்டியிருக்கிறதா? தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? நாக்கு வறண்டு, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பதில்: மருந்துப்பெட்டி

கண்மணி அம்மா தூக்கத்தைத் தொடவில்லை, அதைப் பற்றி மட்டும்.

திடீரென்று வந்த தூக்கம் என்றால் சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, விழுந்து தலையில் அடி ஆகியவற்றை மருத்துவர் முதலில் விலக்க வேண்டும். அடுத்த சந்தேகம் மருந்து. மறதி நோயாளி கத்தினாலோ எழுந்து நடந்தாலோ அடக்கிவைக்க ஹாலோபெரிடால், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளையோ லோராசெபம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்தையோ கொடுப்பது பல இல்லங்களில் நடக்கிறது. ஆள் பற்றாக்குறையை மாத்திரையால் ஈடுகட்டினால் அது சிகிச்சை அல்ல. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கும் 2008-இல் பழைய வகைகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது.

மருந்து கொடுத்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். புதிதாகச் சேர்த்த மருந்து எது, எதற்காக, யார் எழுதினார்கள், யாரிடம் சம்மதம் வாங்கினார்கள், எப்போது குறைப்பார்கள்? "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதிய மருந்து தினமும் அதே மணிக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அங்கேதான் கோளாறு. நீங்களாக மருந்தைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். லோராசெபம் மாதிரியானதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும்.

பதில்: கோப்பும்_குறிப்பும்

வாய்ப்பேச்சாக எதையும் விட்டுவிடாதீர்கள். பேசியது மறுக்கப்படும், எழுதியது நிற்கும்.

இன்றே படம் எடுங்கள். ஒன்று தள்ளி நின்று, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி. இன்னொன்று கிட்டத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. பளிச்சென்ற வெளிச்சம் போதும், ஃபில்டர் கூடாது. மறுநாளும் அதே இடத்தை எடுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, மணி, பார்த்தது, பணியில் இருந்தவர், அவர் சொன்ன வார்த்தை. "மோசமாகக் கவனிக்கிறார்கள்" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். "மாலை 4.10-க்கு அழைப்பு மணி அடித்தோம், 4.45-க்கு ஆள் வந்தார், டயபர் படுக்கை வரை நனைந்திருந்தது" என்று எழுதுங்கள்.

பிறகு நிர்வாகிக்கு மின்னஞ்சல். புரட்டிப் படுக்கவைத்த அட்டவணை, எடைப் பதிவு, உணவு-நீர் பதிவு, சம்பவ அறிக்கை, பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றின் நகல் வேண்டும், இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். வந்த அட்டவணையை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரே பேனாவில், ஒரே வேகத்தில் போட்ட டிக், நீங்கள் அருகில் உட்கார்ந்திருந்த நேரத்தில் புரட்டியதாக ஒரு பதிவு இதெல்லாம் கண்ணில் படும். அந்தப் பொய்ப் பதிவு ஒன்றே வலுவான ஆதாரம்.

பதில் வராவிட்டால் இல்லத்துக்கு உரிமம் கொடுத்த அரசுத் துறை, முதியோர் உதவி எண். அடித்தது, பணமோ நகையோ போனது, கையெழுத்து வாங்கியது என்றால் காவல்துறை. உள்புகார் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வானதி_மு

எல்லாருக்கும் நன்றி. திட்டு வெளுக்கவில்லை, இன்றே மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறேன். பழிவாங்கும் பயத்துக்கு என்ன செய்வது? அறையில் கேமரா வைக்கலாமா?

பதில்: செவிலி_கண்மணி

உங்கள் பயம் நியாயமானது. நிறுவனப் பணியாளர்களில் மூவரில் இருவர், கடந்த ஓராண்டில் முதியவரிடம் ஏதோ ஒரு விதத்தில் தவறாக நடந்ததாகத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகாரிலேயே "குறிப்பிட்ட பணியாளர் அம்மாவின் அறைக்கு வர வேண்டாம்" என்று எழுதிக் கேளுங்கள். நேரம் மாற்றி மாற்றிப் போங்கள்: ஷிஃப்ட் மாறும் வேளை, இரவு, விடுமுறை நாள். உறவினர் அடிக்கடி வரும் படுக்கையைக் கவனிக்காமல் விடுவது கடினம்.

கேமராவுக்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் இல்லத்தின் ஒப்பந்தத்தையும் பாருங்கள். அறையில் இன்னொருவர் இருந்தால் அவர் சம்மதம் கட்டாயம், குரல் பதிவுக்குப் பல இடங்களில் தனி விதி உண்டு.

அம்மாவிடம் கேட்கும்போது "அந்த ஆள் அடிச்சாரா?" என்று பெயரை வாயில் போடாதீர்கள். "இது எப்படி ஆச்சும்மா?" போதும். சொன்னதை அதே வார்த்தையில் எழுதிவையுங்கள். பதில் வராவிட்டாலும், ஒருவர் அறைக்குள் வந்ததும் உடம்பு இறுகுவது, டயபர் மாற்றும்போது மட்டும் அலறுவது ஆகியவற்றையும் குறியுங்கள்.

பாலியல் அத்துமீறல் சந்தேகம் வந்தால் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ விடாமல் நேராக மருத்துவமனை. உடை ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். விழுந்தபின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டாலும், எழுப்பினால் எழாவிட்டாலும் இல்லத்தின் அனுமதிக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸை நீங்களே கூப்பிடுங்கள்.