ஆஸிமோவ் ரோபோ கதைகள்: நாலு வாரத்துக்கு எதை எடுக்கலாம்?

அரசலாறு:
கும்பகோணம் பக்கம் கிளை நூலகத்துல ஞாயித்துக்கிழமை வாசிப்பு வட்டம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் ஆஸிமோவோட ‘ஐ, ரோபோட்’ (1950) தொகுப்புல ஒன்பது கதை இருக்கு, கையில நாலு வாரம்தான். எதெல்லாம் எடுக்கலாம்? அவரோட ரோபோக்களுக்கான மூணு விதியையும் (ஒண்ணு: மனுஷனுக்குத் தீங்கு செய்யக்கூடாது, சும்மா இருந்து தீங்கு நேர விடவும் கூடாது; ரெண்டு: முதல் விதியை மீறாம மனுஷன் கட்டளைக்குக் கீழ்ப்படியணும்; மூணு: முதல் ரெண்டையும் மீறாம தன்னைக் காத்துக்கணும்) முதல்லயே போர்டுல எழுதிடலாமா?

குடமுருட்டி:
எழுதாதீங்க. விதியை மனப்பாடம் பண்ணிட்டுக் கதையை விட்டுடுவாங்க. முதல் வாரம் ‘ராபி’, சுலபம். அடுத்தது ‘ரன்அரவுண்ட்’ (1942). மூணு விதியும் முழுசா வர்ற முதல் கதை அதுதான்.

புதன் கோள்ல செலீனியம் எடுக்கப் போன ஸ்பீடிங்கிற ரோபோ, திரும்பாம செலீனியம் குளத்தையே சுத்திக்கிட்டிருக்கும். கட்டளையைப் போற போக்குல சொன்னதால ரெண்டாம் விதியோட இழுப்பு கம்மி. விலை அதிகமான ரோபோங்கிறதால, தன்னைக் காத்துக்கிற மூணாம் விதியைத் தூக்கலா வச்சிருக்காங்க. குளத்துக்கிட்ட ஆபத்து. நெருங்கினா மூணு தள்ளும், விலகினா ரெண்டு இழுக்கும். ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கிற தூரத்துல வட்டம். போர்டுல குளத்தையும் எதிரெதிரா ரெண்டு அம்பையும் போடுங்க. ஆபத்தைக் கூட்டி ஸ்பீடியை விரட்ட மனுஷங்க ஆக்ஸாலிக் அமிலம் வீசுற இடத்துல புத்தகத்தை மூடிட்டு, வட்டம் என்னாகும்னு கேளுங்க. ஆபத்தைக் கூட்டினா ஸ்பீடி வீடு திரும்பாது, வட்டம்தான் இடம் மாறும்.

புதன் கோள் சூரியனுக்கு எப்பவும் ஒரே முகத்தைக் காட்டும்னு அந்தக் காலத்துல நம்பினாங்க, கதையும் அப்படித்தான். 1965-ல ரேடார் வச்சுப் பார்த்தப்ப தப்புன்னு தெரிஞ்சுது. எவனாவது கேப்பான், தயாரா இருங்க.

வெண்ணாறு:
மூணாவது ‘லயர்!’. மனசைப் படிக்கிற ரோபோ ஹெர்பி, உண்மை சொன்னா நோகுமேன்னு பொய் சொல்லும். தீங்குன்னா அடிதடி மட்டும்தானாங்கிற பேச்சு தானா வந்துடும். நாலாவது ‘லிட்டில் லாஸ்ட் ரோபோட்’ (1947): கடுப்புல ஒருத்தன் ‘போய்த் தொலை’ன்னதை அப்படியே எடுத்துக்கிட்டு, ஒரே மாதிரி 63 ரோபோவுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுக்கும். அதுக்கு மட்டும் முதல் விதியில ‘சும்மா இருந்து தீங்கு நேர விடக்கூடாது’ங்கிற பின்பாதி கிடையாது. இதை அவசரப்பட்டு முடிக்காதீங்க. அதைக் கண்டுபிடிக்க ரோபோ உளவியல் நிபுணர் சூசன் கால்வின் வைக்கிற சோதனைகள்ல, கடைசியைத் தவிர மத்தது ஒவ்வொண்ணும் ஏன் தோத்துதுன்னு பிள்ளைங்களே சொல்லணும்.

கடைமடை:
அது முடிஞ்சதும் ஒரு கணக்கு கொடுங்க. கல்லணை ஷட்டர் ரோபோ கையில. வெள்ளம் வருது. கொள்ளிடத்துல விட்டா படுகைக் குடிசைங்க முங்கும், வெண்ணாத்துல விட்டா கரை தாங்காது. முதல் விதி முழுசா இருந்தா எந்தப் பக்கமும் திறக்கவும் முடியாது, சும்மா நிக்கவும் முடியாது. பின்பாதியை எடுத்துட்டா? கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்.

அரசலாறு:
இதை ‘ரன்அரவுண்ட்’ வாரத்துலயே கொடுக்கலாமா?

கடைமடை:
வேண்டாம். அதுல இடிச்சுக்கிறது ரெண்டும் மூணும். ஷட்டர்ல முதல் விதியே தன்னோட இடிச்சுக்குது. ஒண்ணா வச்சா குழப்பிப்பாங்க.