ஃபுளுவாக்ஸெடின் தொடங்கும் முதல் வாரங்கள்: பதின்வயதினரிடம் எதைக் கவனிப்பது?

செந்தாழை கேட்டது:

பிள்ளைக்கு வயது 15, மனச்சோர்வு. மனநல மருத்துவர் ஃபுளுவாக்ஸெடின் காலையில் 10 மி.கி., ஒரு வாரம் கழித்து 20 மி.கி. என்று எழுதியிருக்கிறார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் "இளையோரிடம் தற்கொலை எண்ணம் அதிகரிக்கலாம்" என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து வீட்டில் மாத்திரையைக் கொடுக்கவே பயப்படுகிறார்கள். அந்த எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது? எந்த மாற்றம் வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்? தலைவலிக்கு இபுபுரோஃபென், சளிக்கு இருமல் சிரப் எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாமா?

மணிமாறன்:

முதலில் அந்தக் கட்டம். 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் போடச் சொன்னது. சிறுவர், பதின்வயதினரை வைத்து 9 மனச்சோர்வு மருந்துகளுக்கு நடந்த 24 குறுகிய கால ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 4,400 பேருக்கு மேல். மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 4 பேரிடமும், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த செயலோ புதிதாகத் தெரிந்தது. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூடத் தற்கொலையில் இறக்கவில்லை. 2007இல் எச்சரிக்கையை 18 முதல் 24 வயதுவரை நீட்டினார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் இந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 65க்கு மேல் குறையவே செய்தது.

ஆக, ஆபத்து உண்மைதான். ஆனால் அதன் அளவு 100க்கு கூடுதலாக 2 பேர். அதுவும் பெரும்பாலும் முதல் வாரங்களில், கவனித்தால் கண்ணில் படக்கூடிய ஆபத்து. கட்டத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டால், சிகிச்சையே இல்லாத மனச்சோர்வோடு பிள்ளையை விட்டுவிடுகிறோம். தற்கொலைக்கு அது பெரிய காரணம் என்பதை அந்தத் தாள் உரக்கச் சொல்வதில்லை.

இந்த வயதில் ஃபுளுவாக்ஸெடினை முதலில் எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு 8 வயதிலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. அதே வகையைச் சேர்ந்த எஸ்சிட்டலோபிராமுக்கு 12 வயதிலிருந்து. அதே வகையில் இன்னொன்றான பராக்ஸெடினை மனச்சோர்வுக்காக 18 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் 2003லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று. 439 பதின்வயதினரை வைத்து நடந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரத்தில் ஃபுளுவாக்ஸெடின் மட்டும் எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் தேறினார்கள். அதோடு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தபோது 71. போலி மாத்திரையில் 35. மாத்திரைச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் பேச்சுச் சிகிச்சைக்கும் ஏற்பாடு கேளுங்கள்.

யாழினி:

மணிமாறன் எண்களைச் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

சோகம் கூடுவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். தவறவிடுவது பரபரப்பை. சாப்பிட உட்கார்ந்தவன் இரண்டு வாயில் எழுந்துவிடுவான், கால் ஆடிக்கொண்டே இருக்கும், அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான், "உடம்புக்குள்ள என்னவோ பண்ணுது, ஒரு இடத்துல இருக்க முடியல" என்பான். இதற்கு அகாதிசியா என்று பெயர். மனச்சோர்வு மெல்லக் குறைந்துகொண்டிருந்தாலும், இந்தத் தவிப்பு ஒன்றே தாங்க முடியாமல் போய் ஆபத்தான எண்ணத்தைக் கொண்டுவரும். பெரிய தவறு எங்கே நடக்கிறதென்றால், "நோய் முற்றிவிட்டது" என்று இதைத் தப்பாகப் படித்து டோஸை ஏற்றும்போது. ஏற்றினால் இன்னும் கூடும். மருத்துவரிடம் "மோசமாயிட்டான்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் எத்தனை மி.கி., பரபரப்பு என்று தொடங்கியது, இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம் என்று எழுதிக் காட்டுங்கள். டோஸைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்க அதுதான் உதவும்.

புதிதாக வரும் எரிச்சல், சண்டை, முன்யோசனையில்லாத செயல், திடீர்ப் பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அன்றைக்கே போன் செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாமல், வேகமாகப் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டால் அது தேறிவிட்ட அறிகுறி அல்ல, மேனியா எனப்படும் அளவுமீறிய உற்சாக நிலையாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய் (மனச்சோர்வும் மேனியாவும் மாறி மாறி வருவது) இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டிய காலம் முதல் மாதம் முழுவதும், பிறகு டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும். ஏற்றும்போது மட்டுமல்ல, குறைக்கும்போதும். முதல் 4 வாரம் வாரம் ஒருமுறையாவது மருத்துவரோ அவர் குழுவில் ஒருவரோ பார்க்க வேண்டும். "மாதம் கழித்து வாங்க" என்றால் இடையில் போனிலாவது பேச நாள் குறித்து வாங்குங்கள்.

பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்று சொல்லி, எப்படி என்ற யோசனையும் இருந்தால், அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால், காலைவரை காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

மருந்தாளர் கதிர்:

மருந்துப் பக்கத்துச் செய்திகள். ஃபுளுவாக்ஸெடின் உடம்பைவிட்டு மெதுவாகப் போகும். தொடர்ந்து எடுத்தால் பாதி அளவு குறையவே 4 முதல் 6 நாள். அது உடைந்து உண்டாகும் பொருள் இன்னும் நீண்ட நாள் இருக்கும். அதனால் ரத்தத்தில் அளவு நிலைபெற 4, 5 வாரம் ஆகும். மூன்றாம் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதால் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கத் தேவையில்லை. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இதற்கு நேர்மாறு. இரண்டு நாள் விட்டாலே தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு வரும்.

இபுபுரோஃபென் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். தலைவலிக்குச் சரியான அளவில் பாராசிட்டமால் போதும். இருமல் சிரப் வாங்கும்போது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமலடக்கி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அதைக் கல்லீரல் உடைப்பதை ஃபுளுவாக்ஸெடின் தடுப்பதால் அளவு ஏறிவிடும். டிரமடால் (வலிநிவாரணி), லினெசோலிட் (ஆன்டிபயாடிக்), செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவையும் சேரக் கூடாது. சேர்ந்து, இந்த மருந்துகள் கூட்டும் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிஞ்சினால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, விரிந்த கண்பாவை, காய்ச்சல், கைகால் வெட்டி இழுத்தல் என்று சில மணி நேரத்துக்குள் வரும். உடனே மருத்துவமனை.

கடைசியாக, எல்லா மாத்திரையும் பூட்டுக்குள் இருக்கட்டும், தினம் ஒன்றைப் பெரியவர் எடுத்துக் கொடுக்கட்டும். ஃபுளுவாக்ஸெடினைவிட எனக்குக் கவலை, வீட்டில் வேறு யாருக்கோ நரம்பு வலிக்கென்று வாங்கிய அமிட்ரிப்டிலின் அட்டை. அளவு மிஞ்சினால் அது இதயத் துடிப்பையே குலைக்கும். யாருக்கும் தேவையில்லாத பழைய அட்டைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்து அப்புறப்படுத்துங்கள்.

செந்தாழை:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: இரண்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டால் நிறுத்திவிடலாமா?

யாழினி:

வேண்டாம். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதுதான் வழக்கம். சீக்கிரம் விட்டால் நோய் திரும்புவது அதிகம். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் படிகளில்தான். ஃபுளுவாக்ஸெடின் மெதுவாகக் கரைவதால் நிறுத்திப் பல வாரம் கழித்துக்கூட அறிகுறி திரும்பலாம். தேர்வு நெருங்கும் சமயத்தில் நிறுத்தாதீர்கள். விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.