மறுமொழி: ‘கிளர்வு மையம்’ போதாதா? ‘வினைமடி’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

உயிர்வினைகளை விரைவாக்கும் நொதியில் (enzyme) வினை நடக்கும் இடத்துக்கு (active site) ‘வினைமடி’ என்ற சொல்லை முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு மறுமொழி இது.

> ‘நொதி’ நிலைத்துவிட்டது, அதை விட்டுவிடுவோம். நொதியில் வினை நடக்கும் இடத்துக்குக் ‘கிளர்வு மையம்’ போதாதா? பிள்ளைகளுக்குப் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான், ஐயா. ஆனால் அதில் இரண்டு பாதியுமே இடிக்கிறது.

ஒரு வினை தொடங்கத் தேவையான ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். நொதியின் வேலையே அதைக் குறைப்பதுதான். குறைக்கிற இடத்துக்கே ‘கிளர்வு’ என்று பேர் வைத்தால், அங்கே எதுவோ சூடேறித் துள்ளுகிறது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ‘மையம்’ அதைவிட மோசம். அந்த இடம் நொதியின் நடுவில் இருப்பதில்லை. பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிய ஒரு பிளவு அல்லது குழிவு, அவ்வளவுதான்.

நம்மூர்ச் சரக்கை வைத்தே சொல்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பைப்ரோயின் என்ற இழை, அதைச் சுற்றி ஒட்டவைக்கும் செரிசின் என்ற பசை. இரண்டுமே புரதம். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளியே வரும்போது கொக்கூனேஸ் என்ற நொதியை வாய்ப்பகுதியிலிருந்து விடும். கூட்டின் ஒரு முனை நனைந்து இளகும், பூச்சி இழைகளை விலக்கிக்கொண்டு வந்துவிடும். துளை விழுந்த கூட்டை இழை அறாமல் நூற்க முடியாது. அதனால்தான் பூச்சி வரும் முன்பே கூட்டை வெப்பத்தில் போட்டுவிடுகிறார்கள்.

கவனிக்கவேண்டியது, அந்த நொதி பசையைத்தான் கரைக்கிறது, இழையை அல்ல. கொக்கூனேஸ் நம் குடலில் இருக்கும் டிரிப்சினின் சாதி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இந்த வகை நொதிகள் அந்தச் சங்கிலியில் லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடம் பார்த்துத்தான் வெட்டும். டிரிப்சினின் குழிவுக்கு அடியில் எதிர்மின்னூட்டமுள்ள ஓர் அஸ்பார்டிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. நேர்மின்னூட்டமுள்ள லைசினும் ஆர்ஜினினும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பைப்ரோயினோ பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் என்று நெருக்கமாக அடுக்கியது. நொதிக்குப் பிடி கொடுக்காது.

இந்தக் குழிவு எப்படி உண்டாகிறது என்பதில்தான் என் சொல் இருக்கிறது. இதே குடும்பத்துக் கைமோடிரிப்சினில் வெட்டும் வேலையைச் செய்பவை மூன்று: 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம், 195ஆம் இடத்து செரின். சங்கிலியில் ஒன்றுக்கொன்று வெகுதூரம். சங்கிலி மடிந்தால்தான் மூன்றும் பக்கத்தில் வருகின்றன. நொதியைச் சூடாக்கினால் மடிப்பு குலைகிறது, வேலையும் நின்றுபோகிறது.

ஆகவே வினைமடி. மடிப்பால் உண்டாவது, வினை நடப்பது. வேட்டி மடியில் சில்லறை முடிந்துகொள்கிறோமே, அந்த மடி. நொதியும் அது பிடிக்கும் பொருளும் பூட்டும் சாவியும்போலப் பொருந்தும் என்று 1894இல் வேதியியலாளர் எமில் பிஷர் சொன்னதை, நொதியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று 1958இல் உயிர்வேதியியலாளர் கோஷ்லாண்ட் திருத்தினார். ‘மையம்’ வளையாது, மடி வைத்த பொருளுக்கேற்ப வளையும். புரதமாக இல்லாமல் ஆர்.என்.ஏ.வால் ஆன நொதிகளுக்கும் சொல் பொருந்தும், அவையும் மடிந்துதான் வேலை செய்கின்றன.

> ‘மடி’ என்றால் சோம்பல். குறளில் ‘மடியின்மை’ அதிகாரமே இருக்கிறது. வினைமடி என்றால் ‘வேலையில் சோம்பல்’ ஆகிவிடாதா?

ஓசூர் நண்பரின் இந்தத் தடை நியாயமானது. சிரிக்கவும் வைத்தது, உலகிலேயே சுறுசுறுப்பான மூலக்கூறுக்குச் சோம்பேறிப் பட்டம்! ஆனால் இன்றைக்குப் பேச்சில் அந்தப் பொருள் வழங்குவதில்லை. ‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்பதை யாரும் சோம்பலாக எடுத்துக்கொள்வதில்லை. மாட்டு மடி நினைவுக்கு வரும் என்றும் சொல்லியிருந்தீர்கள். வரட்டும், அதிலும் பழுதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன் (நொதி வேலை செய்யும் பொருள் வினைபடுபொருள், அதன் இடத்துக்குப் போட்டியிடுவது போட்டித் தடுப்பான்): “போட்டித் தடுப்பான் வினைமடியை அடைத்துக்கொள்வதால் வினைபடுபொருள் உள்ளே வர முடிவதில்லை, வினைபடுபொருளின் செறிவைக் கூட்டினால் தடை தளரும்.” எனக்கு உறுத்தவில்லை.

உறுத்துவது ஒன்றே ஒன்று. வினைமடிக்கு அப்பால் வேறோர் இடத்தில் ஒட்டி நொதியின் வடிவை மாற்றும் மூலக்கூறுகள் உண்டு. அந்த இடத்தை ‘மாற்றுமடி’ என்றால் வினைமடிக்குப் பதிலாக வேலை செய்வது போலத் தொனிக்கிறது. ‘புறமடி’ என்று வைக்கலாமா? பாலக்கோட்டு ஆசிரியை வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதினால் நல்லது.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து