சிறைக்குள் போதை மீட்புக்குச் சக கைதிகளையே கோச்சாகப் பழக்குவது: எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்திலிருந்து கேட்கிறேன். மத்திய சிறை ஒன்றுக்குள் வாரம் 2 நாள் போய்வர அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. இப்போது அங்கே நடப்பது மாதம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம்தான். மைக், பேனர், 200 பேர், கடைசியில் பிஸ்கட். அதை விட்டுவிட்டு, போதையிலிருந்து மீண்டு நிற்கிற தண்டனைக் கைதிகள் சிலரைப் பழக்கி, புதிதாக ரிமாண்டில் வருபவர்களுக்குத் துணையாக வைக்கலாம் என்று யோசனை. அமெரிக்காவில் ரெகவரி கோச் என்கிறார்களே, அந்த மாதிரி.

ஆளை எப்படிப் பொறுக்குவது? பயிற்சி எத்தனை மணி நேரம்? எங்கே கெட்டுப்போகும்? வருபவர்களில் பெரும்பாலோர் குடி. அடுத்தது கஞ்சா. இளவட்டத்தில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறவர்களும் உண்டு.

பழைய_வெல்ஃபேர்

முதல் முட்டுக்கட்டையை நீங்கள் கவனிக்கவில்லை. 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி விசாரணைக் கைதியையும் தண்டனைக் கைதியையும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். சென்னையில் புழல் 1 தண்டனைக்கு, புழல் 2 ரிமாண்டுக்கு என்று வளாகமே வேறு. மற்ற இடங்களில் பிளாக் வேறு. ஆகவே 'கோச் ரிமாண்ட் பிளாக்குக்குள் வருவார்' என்று மனுவில் எழுதினால் அங்கேயே நின்றுவிடும். ஆஸ்பத்திரி வளாகத்திலோ சட்ட உதவி மையத்திலோ, குறித்த நேரத்தில், வார்டர் பார்வையில் சந்திப்பு என்று கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு தண்டனைக் கைதிகளைச் சட்டத் தன்னார்வலர்களாகப் பழக்கிச் சிறைக்குள் உட்கார வைத்திருக்கிறது. அந்த முன்மாதிரியைக் காட்டுங்கள், புதிதாக எதையும் கேட்பது போல் இருக்காது.

ஆளைப் பொறுக்கும்போது கைதி வார்டர்களை (மற்றக் கைதிகளைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட கைதிகள்) தொடாதீர்கள். அதிகாரிகள் முதலில் நீட்டும் பெயர்கள் அவைதான், 'ஒழுங்கான ஆள் சார்' என்பார்கள். ஆனால் நேற்றுவரை தன்னை வரிசையில் உட்கார வைத்து எண்ணியவனிடம் எவனும் மனம் திறக்கமாட்டான். பீடி, கேன்டீன் சாமான் கைமாற்றும் ஆட்களும் வேண்டாம். உள்ளே பீடிதான் பணம். கோச் என்ற பெயர் கிடைத்ததும் வியாபாரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடும். குறைந்தது 1 வருடம் போதை தொடாதவர், இன்னும் 2 வருடமாவது உள்ளே இருக்கப் போகிறவர், பிளாக்கில் யாருக்கும் கடன்படாதவர். இந்த மூன்றும் பொருந்துகிற 6 பேர் கிடைத்தாலே பெரிது.

ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று ஜோடி சேர்க்கும் வழக்கம் தானாக வரும். அதன் பின்வாசல் வழியாகச் சாதி நுழையும். சிறைக்குள் சாதிப் பாகுபாடு கூடாதென்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. வந்த வரிசைப்படி ஒதுக்குங்கள்.

பயிற்சிக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் அமைப்பின் பாடத்திட்டம் 5 நாள், 30 மணி நேரம். இங்கே மாலை 6 மணிக்கு லாக்-அப், நடுவில் எண்ணிக்கை, சாப்பாடு. தொடர்ந்து 2 மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 15 அமர்வாக வெட்டுங்கள். அதில் பாதிக்குமேல் பேச்சுப் பழக்கமாக இருக்கட்டும். புதிய கோச் செய்யும் தவறு ஒன்றேதான், புத்தி சொல்ல ஆரம்பிப்பார். 'பொண்டாட்டி பிள்ளையை நினைச்சுப் பாரு' என்ற வசனத்தை எதிரில் இருப்பவர் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. அதற்கு மாற்றாக ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: 'வெளிய போனா குடிக்காம இருக்கணும்னு உனக்கு 10க்கு எத்தனை தோணுது?' 4 என்றால், 'ஏன் 8 இல்லை?' என்று கேட்கக் கூடாது. 'ஏன் 2 சொல்லலை?' என்று கேட்க வேண்டும். பதிலில் அவரே தன் காரணத்தைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு கோச் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான பகுதி.

ஒரு கோச்சுக்கு 8 பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை கோச்சுகளை மட்டும் உட்கார வைத்து 1 மணி நேரம் பேசுங்கள். இது விட்டுப்போன இடங்களில் மூன்றாம் மாதம் கோச்சே சறுக்குவார்.

மருந்துச்சீட்டு

மருத்துவப் பக்கம் இரண்டு விஷயம்.

முதல் 4 நாள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாள் முதல் 4ஆம் நாள் வரை குழப்பம், இல்லாத ஆளிடம் பேசுவது, காய்ச்சல், படபடப்பு. இந்தக் கடைசி நிலைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். சிறையில் இதற்கு 'நடிக்கிறான்' அல்லது 'பைத்தியம்' என்று பெயர் வைத்துத் தனியே அடைத்துவிடுவார்கள். கோச் முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், முன்பு வலிப்பு வந்ததுண்டா, தூக்க மாத்திரை உண்டா (அல்பிரசோலம், நைட்ரசிபாம் நிறுத்தினாலும் வலிப்பு வரும்). பதிலை அன்றே மருத்துவ அலுவலரிடம் சேர்க்க வேண்டும். மாத்திரை கொடுப்பது கோச் வேலை அல்ல, ஒன்றுகூட. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காதது, உடனே வார்டரை அழைப்பது. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. மயங்கிக் கிடக்கும் குடிநோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றும்முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும் என்பதைச் சிறை மருந்தகத்தில் நினைவூட்டுங்கள், அது விட்டுப்போவது சகஜம்.

இரண்டாவது, வெளியே போகும் நாள். டேபென்டடால், ஹெராயின் பழக்கம் உள்ளவர் 1 மாதம் உள்ளே இருந்தாலே உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை அப்படியே போட்டால் மூச்சு நின்றுவிடும். இதைக் கோச் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'போதை போடச் சொல்லிக் கொடுப்பது போல ஆகிவிடும்' என்று சில அதிகாரிகள் தடுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் உள்ளே இருக்கும்போதே முடியட்டும்.

குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை: குடியை நிறுத்தத் தரும் டைசல்பிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுப்பது ஆபத்து. தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாகலாம்.

வாய்தா

யாரும் தொடாத ஒன்று. ரிமாண்ட் கைதி கோச்சிடம் தன் வழக்கைப் பற்றிச் சொல்வது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பேச்சு அல்ல. போலீஸிடம் தந்த வாக்குமூலம் செல்லாது. சக கைதியிடம் சொன்னது நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதலாக ஏறலாம். பலவீனமான சாட்சியம்தான், இருந்தாலும் கோச்சைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற அது போதும். எனவே முதல் வரியே இப்படி இருக்க வேண்டும்: 'கேஸ் பத்திப் பேச வேண்டாம், குடியைப் பத்திப் பேசுவோம்.' அவர் மீறிப் பேசினால் கோச் கையைக் காட்டி நிறுத்த வேண்டும்.

ரகசியத்துக்கு எல்லை மூன்று: தற்கொலை எண்ணம், இன்னொருவரைத் தாக்கும் திட்டம், தப்பிக்கும் திட்டம். இவற்றை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பதிவேட்டில் தேதி, நேரம், அடுத்த சந்திப்பு மட்டும் இருக்கட்டும். மருத்துவத் தகவல் டாக்டரின் கோப்பில்.

போதைப்பொருள் வழக்கில் அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவோ (போதைப்பொருள் உட்கொண்டது) சிறிய அளவோ (கஞ்சாவில் 1 கிலோ வரை) என்றால், தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைக்கு 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. கோச் விளக்க வேண்டாம், சட்ட உதவி வக்கீலைக் கேட்கச் சொன்னால் போதும் (இலவசச் சட்ட உதவி எண் 15100).

அனுமதிக் கடிதத்துக்கு ஒரு பிடி: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மனநோய் வரையறையில் மது, போதைப் பயன்பாட்டால் வரும் நிலைகளும் உண்டு. 103ஆம் பிரிவு கைதிகளுக்கானது.

நொய்யல்கரை

நன்றி. பழைய_வெல்ஃபேர் சார், ஒரு சந்தேகம். 12 வாரத் திட்டம் என்று வரைந்திருந்தேன். பாதியில் ஜாமீனில் போய்விட்டால்?

பழைய_வெல்ஃபேர்

12 வாரத்தைக் கிழித்துப் போடுங்கள். நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். எவருக்கு எந்த நாளில் ஜாமீன் என்று யாருக்கும் தெரியாது. வெளியேறும் திட்டம் முதல் சந்திப்பிலேயே எழுதப்பட வேண்டும். யார் மனு போட்டுப் பார்க்க வருகிறார்கள், முதல் இரவு எங்கே படுக்கை, பஸ் காசு உண்டா, யாருடைய நம்பர் மனப்பாடமாகத் தெரியும். கடைசிக் கேள்வி முக்கியம். செல்போன் வழக்குச் சொத்தாகப் போலீஸிடம் இருக்கும், ஆள் வெறுங்கையோடு வருவார். ஜாமீன் ஆணை வந்து சேர்ந்து கதவு திறப்பது பெரும்பாலும் மாலை. டாஸ்மாக் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. கணக்கு உங்களுக்கே புரியும்.

பிராவிடன்ஸ்_தமிழன்

ரோட் ஐலண்டிலிருந்து. இங்கே ரிமாண்டுக்கான ஜெயில், தண்டனைக்கான சிறை இரண்டும் ஒரே துறையின் கீழ் கிரான்ஸ்டன் வளாகத்தில் இருப்பதால் செய்தது எளிது, அதை மனதில் வைத்துப் படியுங்கள். 2016இல் ஹெராயின் வகைப் போதைக்கான மருந்துகளான மெதடோன், புப்ரினார்பின், நால்ட்ரெக்சோன் மூன்றையும் உள்ளேயே கொடுத்து, வெளியே வந்ததும் தொடர ஏற்பாடு செய்தார்கள். அப்போது புதிதாக விடுதலையானவர்களில் போதை அளவு மீறி இறந்தவர்கள் 2016 முதல் பாதியில் 26 பேர், 2017 முதல் பாதியில் 9 பேர். மருந்து இல்லாமல் கோச்சை மட்டும் வைத்து இதை எதிர்பார்க்க முடியாது. இந்தியாவிலும் திகார் சிறையில் 2008இலேயே புப்ரினார்பின் தொடங்கியது. உங்கள் ஊசிப் பையன்களுக்கு அருகில் போதைக்கு மாற்றாக மருந்து தரும் அரசு மையம் எங்கே என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்து 2007இல் வந்த ஆய்வில், முதல் 2 வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு. கோச்சின் கூலி நியாயப்படுவது அந்த 14 நாளில். உள்ளே இருக்கும் கோச்சால் வெளியே வர முடியாது, அதனால் உங்களுக்கு இரண்டாவது கோச் வேண்டும்: உங்கள் மையத்தில் மீண்டு நிற்கிற ஒருவர். பழைய வழக்கு இருந்தால் காவல் சரிபார்ப்பில் அவர் பெயர் அடிபடும். இங்கேயும் அதே தொல்லைதான். உள்ளே விடாவிட்டால் அவர் படம், பெயர், நம்பர் உள்ள சீட்டையாவது உள்ளே இருக்கும் கோச் காட்டி, நம்பரை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைக்கட்டும். ஒப்புதல் எழுதி வாங்கி, வீட்டு நம்பரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் கூப்பிடுங்கள்: அன்றிரவு, மறுநாள், 3, 7, 14ஆம் நாள். எடுக்காவிட்டால் நேரில் போங்கள். இரவில் யாரும் இல்லாதபோது போதை மீட்பு உதவி எண் 14446.