காவல் நிலையத்தில் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் வாக்குமூலம் ஆகுமா?

காசிமேட்டுவாசி: நேற்று முன்தினம் இரவு, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த என் தம்பியைச் செல்போன் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, எதுவும் எழுதாத இரண்டு வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடியற்காலையில் அனுப்பினார்கள். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதில் எழுதிக்கொண்டால் தண்டனை உறுதியாகிவிடுமா? அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

வண்ணை வழக்கறிஞர்: ஆகாது, அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் சொன்னதையே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும். அப்படியொரு தகவலை அவரே சொன்னதாகப் பின்னர் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், வெற்றுத் தாள் ஆபத்தாவது இங்கேதான். எனவே நடந்ததை நாள், நேரத்தோடு எழுதி, காவல் ஆணையருக்கு இன்றே விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை: மீண்டும் அழைத்தால் எழுத்துமூல அறிவிப்பு கேளுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவியும் உண்டு.

காசிமேட்டுவாசி: தாள்கள் வெறுமையாக இருந்ததைக் குறிப்பிட்டு அனுப்பிவிட்டேன், ஐயா. ரசீதை அம்மா அரிசி டப்பாவில் வைத்திருக்கிறார்.